மிஸ்ஸுக்கு ஒரு விதிவிலக்கு

“அக்கா… மிஸ்ஸைத் தூக்கிட்டீங்களாமே?”

ஸ்டெல்லா போனில் இப்படித்தான் ஆரம்பித்தாள். வணக்கம் இல்லை, சாப்பிட்டீங்களா இல்லை. போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்த என் கணவர் கையை உதறிவிட்டு எட்டிப் பார்த்தார். யாரை வேலையை விட்டுத் தூக்கினாய் என்று அவர் கண் கேட்டது.

ஒரு ஆளைத் தூக்கும் அளவுக்கு எனக்கு மரக்காணத்தில் செல்வாக்கு கிடையாது. வீட்டுக்கு வரும் பால்காரரைக்கூட என்னால் மாற்ற முடியவில்லை.

மிஸ் என்பது ஆள் இல்லை. குரல்.

இதைக் கொஞ்சம் விளக்கிவிட்டுத்தான் மேலே போக முடியும். இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும், நான் பாண்டிச்சேரி கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவள். மிச்ச நேரத்தில் சம்பளம் இல்லாத இன்னொரு வேலை உண்டு. லினக்ஸ்.

கம்ப்யூட்டர் ஓட ஒரு அடிப்படை மென்பொருள் வேண்டும் அல்லவா? காசு கொடுத்து வாங்குவது ஒரு வகை. யாரும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம் என்பது இன்னொரு வகை. லினக்ஸ் இந்த இரண்டாவது வகை. எழுத, படிக்க, படம் வரைய என்று உலகம் முழுக்கப் பலர் செய்து வைத்திருக்கும் மென்பொருள்களைத் தேர்ந்தெடுத்து, அவை ஒன்றோடொன்று சண்டை போடாமல் பார்த்து, ஒரே கட்டாகக் கொடுப்பதற்கு டிஸ்ட்ரிபியூஷன் என்று பெயர். உள்ளே இருக்கும் ஒவ்வொன்றும் ஒரு பேக்கேஜ். வருஷத்துக்கு ஒருமுறை புதுக் கட்டு வெளிவரும். அது ரிலீஸ்.

நாங்கள் ஒரு சின்னக் கூட்டம். தமிழ் மட்டும் தெரிந்தவர்களுக்காக, பழைய கம்ப்யூட்டர்களுக்காக இப்படி ஒன்றைச் செய்து, நூலகங்களுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் சும்மா கொடுக்கிறோம். சும்மா கொடுப்பதற்கும் சட்டதிட்டம் உண்டு. ஒரு பேக்கேஜ் உள்ளே வர வேண்டுமென்றால் அது எப்படிச் செய்யப்பட்டது என்பது திறந்திருக்க வேண்டும். யார் வேண்டுமானாலும், எதற்கு வேண்டுமானாலும் அதைப் பயன்படுத்த அனுமதி இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் இடம் கிடையாது. இதுதான் எங்கள் பாலிசி.

இத்தனை வருஷமாக அந்தப் பாலிசிக்குத் தப்பி, ஒரு மூலையில் உட்கார்ந்திருந்த பேக்கேஜ்தான் மிஸ்.

ஸ்டெல்லாவுக்கு முப்பது வயது இருக்கும். உப்பளத்தை ஒட்டி இருக்கும் மாதா கோயில் தெருவில் வீடு. கல்லூரியில் சேரும் வயதில் பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வந்து, ஒருநாள் முழுக்கப் போய்விட்டது. கோயிலுக்குப் பக்கத்து அறையில் பங்குச் சாமியார் சில பழைய கம்ப்யூட்டர்களை வாங்கிப் போட்டிருக்கிறார். எல்லாவற்றிலும் எங்கள் லினக்ஸ்தான். அந்த அறை ஸ்டெல்லாவின் பொறுப்பு. பிள்ளைகளுக்குத் தமிழ் டைப்பிங் சொல்லித்தருகிறாள். அஞ்சல் வழியில் எம்.ஏ. தமிழ் படிக்கிறாள்.

திரையில் இருப்பதை வாய்விட்டு வாசித்துக் காட்டும் மென்பொருள் ஒன்று உண்டு. பார்வையில்லாதவர்களுக்குக் கண் அதுதான். அதற்கு ஒரு குரல் வேண்டும். எங்களிடம் இரண்டு தமிழ்க் குரல்கள் இருந்தன. ஒன்று, கணக்குப் போட்டே செய்த இயந்திரக் குரல். இன்னொன்று, நிஜமான ஒரு பெண் பேசிய வாக்கியங்களைப் பதிவுசெய்து அதிலிருந்து உருவாக்கியது. ஒரு கல்லூரி ஆராய்ச்சிக்காகச் செய்தது. தெளிவாக, நிதானமாக, பள்ளிக்கூட டீச்சர் மாதிரி பேசும். ஸ்டெல்லா வைத்த பெயர், மிஸ்.

“புது ரிலீஸை வெளிய விடறதுக்கு முன்னாடி போட்டுப் பாருன்னு நீங்கதானே சொன்னீங்க? போட்டேன். மிஸ்ஸைக் காணோம். அந்த டப்பா வந்து பேசுது” என்றாள் ஸ்டெல்லா. “அதுக்கு ள வராது, ழ வராது. பள்ளிக்கூடம்னு எழுதியிருந்தா பல்லிக்கூடம்னு படிக்குது. இதை வெச்சுக்கிட்டு நான் எப்படிக்கா இலக்கணம் படிக்கிறது?”

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். விஷயம் இதுதான். இந்த முறை ரிலீஸுக்கு முன்னால் எல்லா பேக்கேஜ்களின் அனுமதிகளையும் ஒழுங்காகச் சரிபார்த்தபோது, மிஸ்ஸின் அனுமதி, ‘ஆராய்ச்சிக்கும் லாப நோக்கமற்ற பயனுக்கும் மட்டும்’ என்று இருந்தது கண்ணில் பட்டுவிட்டது. பாலிசிப்படி வெளியே.

“கவலைப்படாத. ஞாயித்துக்கிழமை வர்றேன். உன் மெஷின்ல மட்டும் மிஸ்ஸைத் தனியா போட்டுக் குடுத்துடறேன். கொஞ்ச நேர வேலைதான்” என்றேன்.

அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

“எனக்குப் போட்டுக் குடுப்பீங்க. உங்க நம்பர் இல்லாதவங்க என்ன பண்ணுவாங்கக்கா?”

வெள்ளிக்கிழமை குழுவில் பேசுகிறேன் என்று சொல்லி போனை வைத்தேன்.

எங்கள் குழுவில் முடிவெடுப்பது நாலு பேர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீடியோவில் கூடுவோம். அதில் ஜாபர் பாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோட்டக்குப்பத்துக்காரர். துபாயில் பல வருஷம் கம்ப்யூட்டர் பராமரிப்பு வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். எங்கள் பாலிசியை வரிக்கு வரி எழுதியவர் அவர்தான். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதே இல்லை. அதனாலேயே அவரோடு சண்டை போடுவது ரொம்பக் கஷ்டம்.

“ஒரு விதிவிலக்கு குடுப்போம் பாய். ஒரே ஒரு பேக்கேஜ்தான்” என்றேன்.

“எல்லா விதிவிலக்கும் ஒரே ஒரு பேக்கேஜ்தான் மேடம்” என்றார்.

முன்பு ஒருமுறை அப்படிச் செய்திருக்கிறோம். ஒரு வகைக் கம்ப்யூட்டரில் வைஃபை வேலை செய்ய, மூடிவைத்த மென்பொருள் ஒன்று தேவைப்பட்டது. பாவம் பள்ளிக்கூடம், போனால் போகிறது என்று சேர்த்தோம். அதைச் செய்த கம்பெனி ஒருநாள் கையை விரித்துவிட்டது. அடுத்த ரிலீஸில் அது ஓடவில்லை. உள்ளே திறந்து பார்த்து நாங்களே சரிசெய்யவும் வழியில்லை. கிராமம் கிராமமாக பஸ்ஸில் போய், கேபிள் இழுத்துக் கொடுத்தவர் ஜாபர் பாய். அதைப் பற்றிப் பேசினால் இன்னமும் இடுப்பைப் பிடித்துக்கொள்வார்.

“மிஸ்ஸு ஒரு வார்த்தையைத் தப்பா சொல்லுதுன்னு வைங்க. நம்மளால திருத்த முடியுமா? அந்தக் காலேஜ்லேருந்து நாளைக்கு எடுத்துடுங்கன்னு சொன்னா எடுக்காம இருக்க முடியுமா? அன்னிக்கு அந்தப் பொண்ணுகிட்ட என்ன சொல்வீங்க? இன்னிக்கு இல்லன்னு சொல்றதைவிட அன்னிக்கு இல்லன்னு சொல்றது பெரிய கொடுமை.”

நான் மனசு பற்றிப் பேச வந்தால், அவரும் மனசு பற்றித்தான் பேசுகிறார். இதுதான் அவரிடம் தொல்லை.

அப்போது ஜாபர் பாய் ஒன்று கேட்டார். “ஏன் மேடம், விதியை வளைக்கிறதுக்கு முன்னாடி அந்தக் குரலுக்குச் சொந்தக்காரங்களைக் கேட்டோமா? அவங்க சரின்னு சொல்லிட்டா விதிவிலக்கே தேவையில்லையே.”

எத்தனையோ வருஷமாக அந்தக் குரலைக் கேட்கிறேன். அதற்கு ஒரு வீடு, ஒரு வாசல், ஒரு முகம் இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. உங்களுக்குத் தோன்றியிருக்குமா? லிஃப்ட்டில், ரயில்வே ஸ்டேஷனில் பேசுகிற குரலை யாராவது ‘நீங்க யாருங்க’ என்று கேட்டிருக்கிறோமா?

அந்த ஆராய்ச்சியைச் செய்த பேராசிரியரைக் கண்டுபிடித்தேன். ஓய்வு பெற்றுவிட்டார். பேசிய பெண் அப்போது அங்கே படித்துக்கொண்டிருந்த மாணவி என்றார். பெயர் கோமதி. இப்போது திண்டிவனத்தில் கணக்கு டீச்சர். “அவ சரின்னு சொன்னா எனக்கு ஆட்சேபணை இல்லம்மா. பதிவுகளை அப்படியே எடுத்துத் தந்துடறேன்” என்றார்.

ஆக, மிஸ் உண்மையிலேயே மிஸ்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஜாபர் பாயின் காரில் மூன்று பேரும் கிளம்பினோம். ஸ்டெல்லா கிறிஸ்துமஸுக்கு எடுத்த சேலையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். வழியெல்லாம் வாய்க்குள் எதையோ சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். என்னவென்று கேட்டேன். “அவங்ககிட்ட என்ன பேசறதுன்னு ஒத்திகை பாக்கறேன்” என்றாள். “எப்பவும் அவங்கதானே பேசுவாங்க? நான் பேசினதே இல்லையே.”

கோமதியின் வீடு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு மாடிப்போர்ஷன். கதவைத் திறந்தவர், “வாங்க, வாங்க. செருப்பை நிழல்ல விடுங்க, போகும்போது சுடும்” என்றார்.

என் முழங்கையைப் பிடித்திருந்த ஸ்டெல்லாவின் விரல்கள் இறுகின. அவள் அப்படியே படியில் நின்றுவிட்டாள்.

அதே குரல். ஆனால் வேகமாக, வகுப்பில் கத்திக் கத்திக் கொஞ்சம் கரகரத்துப்போய், வயது கூடிய அதே குரல். உள்ளே போய் உட்கார்ந்தோம். நாற்காலியில் கிடந்த விடைத்தாள் கட்டின் மேல் நான் உட்காரப் போக, “ஐயோ, பாவம், பசங்களே அதுல ஒண்ணும் எழுதல, நீங்க வேற நசுக்கிடாதீங்க” என்று கோமதி சிரித்தார்.

ஸ்டெல்லா என் காதருகே குனிந்தாள். “மிஸ் சிரிக்கிறாங்கக்கா.”

அத்தனை வருஷம், அத்தனை ஆயிரம் பக்கம். ஒருமுறைகூட அந்தக் குரல் சிரித்து அவள் கேட்டதில்லை. பதிவுசெய்த வாக்கியங்களில் சிரிப்பு இல்லை.

ஒத்திகை பார்த்ததெல்லாம் ஸ்டெல்லாவுக்கு மறந்துவிட்டது போலிருக்கிறது. “மிஸ், உங்க குரல்லதான் நான் பி.ஏ. படிச்சேன்” என்றாள். அவ்வளவுதான் வந்தது.

கோமதிக்கு முதலில் புரியவில்லை. நான் சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டார். கல்லூரியில் படித்தபோது லீவு நாட்களில் ஒரு கண்ணாடி அறையில் உட்கார்ந்து எதையெதையோ வாசித்தது மட்டும்தான் அவருக்கு ஞாபகம் இருந்தது. அது என்ன ஆயிற்று என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை.

“நான் என்னெல்லாம் படிச்சுக் காட்டினேன் உனக்கு?” என்று ஸ்டெல்லாவிடம் கேட்டார்.

“எல்லாமே மிஸ். பாடம், பேப்பர், கதை, கரண்ட் கட் ஆகும்னு வர்ற மெசேஜு…” ஸ்டெல்லா கொஞ்சம் நிறுத்தினாள். “எங்க அம்மா ஆஸ்பத்திரியில இறந்துட்டாங்கன்னு ஃபாதர் அனுப்பின மெசேஜைக்கூட நீங்கதான் படிச்சீங்க. நான் கம்ப்யூட்டர் ரூம்ல தனியா இருந்தேன். நீங்க அழாம, நிதானமா, முழுசா படிச்சீங்க. அன்னிக்கு எனக்கு அப்படி ஒருத்தர் தேவைப்பட்டாங்க.”

கோமதி எழுந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார். ஜாபர் பாய் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைத் தீவிரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இனி என்ன, வேலை முடிந்த மாதிரிதான் என்று நினைத்தேன். இந்த நேரத்தில் கேட்டால் யார்தான் மறுப்பார்கள்?

ஜாபர் பாய் கேட்டார். ஒன்றையும் மறைக்காமல் கேட்டார். “நீங்க அனுமதி குடுத்தீங்கன்னா, ஒரு விஷயம் தெரிஞ்சு குடுக்கணும். யார் வேணா, எதுக்கு வேணா உங்க குரலைப் பயன்படுத்தலாம். மாத்தலாம். விக்கலாம். நாங்க தடுக்க முடியாது. எங்க விதி அப்படி.” இவ்வளவு விவரமாகச் சொல்ல வேண்டுமா என்று நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

கோமதியின் முகம் மாறியது. பிறகு சொன்னார். “ஒருநாள் எனக்கு ஒரு போன் வந்துச்சு சார். பதிவு பண்ண போன். ‘அருமையான வீட்டுமனைகள், இன்றே முந்துங்கள்’னு. பேசினது நான்.”

யாரோ எங்கிருந்தோ அந்தக் குரலை எடுத்து மனை விற்கப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அனுமதி கேட்காமல்.

“என் குரலே எனக்கு போன் பண்ணி என்கிட்டயே மனை விக்குது. நான் சொல்லாத வார்த்தை. என் பொண்ணு கேட்டுட்டு, ‘நீயாம்மா பேசுன?’ன்னா. இல்லன்னு சொல்ல எனக்கு அவ்வளவு நேரம் ஆச்சு. அனுமதி குடுக்காம இருக்கிறப்பவே இப்படின்னா, குடுத்துட்டா? நாளைக்கு என்னென்ன பேச வைப்பாங்க?”

அவர் ஸ்டெல்லாவின் கையை இன்னும் விடவில்லை.

“கண்ணு தெரியாதவங்க எத்தனை பேர் வேணா என் குரலை வெச்சுக்கட்டும். எத்தனை காலம் வேணா வெச்சுக்கட்டும். நான் திருப்பிக் கேக்க மாட்டேன். ஆனா யார் வேணா எதுக்கு வேணான்னு என்னால சொல்ல முடியாது சார். தப்பா நெனைக்காதீங்க.”

ஜாபர் பாய் வாதாடுவார் என்று எதிர்பார்த்தேன். சுதந்திர மென்பொருள் பற்றி ஒரு மணி நேரம் பேசக்கூடியவர். அவர் தலையை ஆட்டினார். “நியாயம்தான்மா. உங்க குரல். நீங்க சொல்றதுதான்” என்று சொல்லிவிட்டுக் காப்பியை எடுத்துக் குடித்தார்.

ஊருக்குத் திரும்பினோம். மரக்காணம் நெருங்கியதும் இரண்டு பக்கமும் உப்பளம் வந்தது. சாய்ந்த வெயிலில் பாத்தித் தண்ணீர் கண்ணைக் கூசச் செய்தது. ஈர உப்பு வாசனை ஸ்டெல்லாவுக்கு ஊர் வந்துவிட்டதைச் சொல்லியிருக்க வேண்டும். நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“பாய், ஒரு குரல் செய்யறதுக்கு ஒருத்தர் எவ்வளவு பேசணும்?”

“ரொம்ப பேசணும்மா. ஆயிரக்கணக்குல வாக்கியம். ஏன்?”

“நான் பேசுறேன்.”

ஜாபர் பாய் வண்டியை ஓரம் கட்டினார். நான்தான் முந்திக்கொண்டு கேட்டேன். “கோமதி மிஸ் சொன்னதைக் கேட்டேல்ல? நாளைக்கு உன் குரல்லயும் எவனாவது மனை விப்பான்.”

“விக்கட்டும்க்கா” என்றாள். “மிஸ் வேண்டாம்னு சொன்னது சரி. அவங்களுக்கு அது வலிக்குது. எனக்கும் வலிக்கலாம். ஆனா எங்கயோ ஒரு பொண்ணு உக்காந்து என் குரல்ல படிக்கும் இல்ல? அதை நெனச்சுக்குவேன்.”

“வாக்கியத்தைப் பாத்துப் படிக்கணுமேம்மா…” என்று ஜாபர் பாய் தயங்கினார்.

“எதுக்குப் பாக்கணும்? மிஸ் என் காதுல படிக்கட்டும். நான் திருப்பிச் சொல்றேன்.”

எங்கள் இருவருக்கும் அது தோன்றவே இல்லை.

புதுக் குரல் தயாராகும்வரை, என் நம்பர் இல்லாதவர்களுக்காக மிஸ் ரிலீஸில் இருந்தாக வேண்டும். அந்த வெள்ளிக்கிழமை ஓட்டெடுப்பு. விதிவிலக்கு இந்த ஒரு ரிலீஸுக்கு மட்டும், ஏன் கொடுக்கிறோம் என்ற காரணத்தைப் பேக்கேஜுடனேயே எழுதி வைப்பது, அடுத்த ரிலீஸுக்குள் புதுக் குரல் வந்துவிட வேண்டும். இந்தக் கெடுவைச் சொல்லிக்கொடுத்ததே ஜாபர் பாய்தான். ஆனால் ஓட்டு என்று வந்தபோது எதிர்த்து ஓட்டுப் போட்டார்.

“நான் எழுதின விதிக்கு எதிரா நானே கை தூக்க மாட்டேன் மேடம். நீங்க மூணு பேரும் தூக்குங்க. நான் கோச்சுக்க மாட்டேன்” என்றார்.

மூன்று பேர் தூக்கினோம். மிஸ் உள்ளே வந்தார்.

மறுநாள் காலை, பாண்டிச்சேரியில் வாங்கிய நல்ல மைக் ஒன்றை எடுத்துக்கொண்டு கோயில் வாசலில் வந்து நின்றவர் யார் என்று நினைக்கிறீர்கள்?

திருவிழாச் சாமான்கள் போட்டுவைக்கும் அறையைச் சாமியார் ஒழித்துக் கொடுத்தார். தேரில் கட்டும் துணிகள் சுவரெல்லாம் தொங்கியதால் எதிரொலி இல்லை. ஆனால் ஃபேன் போட முடியாது. காதில் மிஸ் ஒரு வாக்கியம் சொல்வார். ஸ்டெல்லா அதை மைக்கில் சொல்வாள். உப்பு லாரி போனால் நிறுத்த வேண்டும். காக்கா கத்தினால் நிறுத்த வேண்டும். மதியம் கோயில் மணி அடித்தால் இருவருக்குமே இடைவேளை. அவள் ஜெபம் சொல்லப் போவாள், ஜாபர் பாய் தொழப் போவார். அவருக்கென்று ஒரு பாய் அந்த அறையிலேயே சுருட்டி வைக்கப்பட்டது.

முதல் சில நாள் பதிவுகளைக் கேட்டுவிட்டு ஜாபர் பாய் தலையில் கைவைத்துக்கொண்டார். “ஸ்டெல்லா, நீ மிஸ் மாதிரியே பேசுறேம்மா. அவங்க இழுக்கிற எடத்துல இழுக்குற, நிறுத்துற எடத்துல நிறுத்துற. நமக்கு இன்னொரு மிஸ் வேண்டாம். நீ பேசு.”

“நான் எப்படிப் பேசுவேன்னு எனக்கு எப்படி பாய் தெரியும்?”

அதற்கு வழி சொன்னவர் கோமதி. அவரும் ஸ்டெல்லாவும் அதற்குள் தினமும் போனில் பேசிக்கொள்ள ஆரம்பித்திருந்தார்கள். “ஒவ்வொரு வாக்கியத்தையும் யார்கிட்டயாவது சொல்ற மாதிரி சொல்லு. நான் அந்தக் கண்ணாடி ரூம்ல சுவத்தைப் பாத்து சொன்னேன். அதான் உனக்கு டீச்சர் மாதிரி இருந்திருக்கு” என்றாராம்.

அதன் பிறகு ஸ்டெல்லா எல்லா வாக்கியங்களையும் ஜாபர் பாயிடம் சொல்ல ஆரம்பித்தாள். ‘கப்பல் துறைமுகத்தை அடைந்தது’ என்று அவள் சொன்னால், அவரும் நிஜமாகவே ஒரு சேதி கேட்ட மாதிரி தலையை ஆட்டுவார். அவள் அதைப் பார்க்க முடியாது என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் ஆட்டுவார். ஒருநாள் ‘வெங்காயம் அழ வைக்கும்’ என்ற வாக்கியத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திரும்ப எடுக்கலாம் என்றாள். “இருக்கட்டும்” என்றார் ஜாபர் பாய்.

விதி எதற்கு, விதிவிலக்கு எதற்கு என்று இந்த இரண்டு மாதமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். நான் ஸ்டெல்லாவின் முகத்தைப் பார்த்து விதிவிலக்கு கேட்டேன். ஜாபர் பாய், தான் பார்த்தே இராதவர்களை நினைத்து விதியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டும் அக்கறைதான். இதில் எது பெரியது என்று கேட்டால் எனக்கு இன்னும் சொல்லத் தெரியவில்லை. ஒன்று மட்டும் தெரிகிறது. விதிவிலக்கு கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்குகிறவர்களால்தான் விதிக்குக் கெட்ட பெயர். கொடுத்த கையோடு அது தேவைப்படாத நாளுக்காக வேலை செய்கிறவர்கள் இருந்தால், தாராளமாகக் கொடுக்கலாம்.

புதுக் குரலின் சோதனைப் பதிப்பு போன வாரம் தயாரானது. யார் வேண்டுமானாலும், எதற்கு வேண்டுமானாலும். ஸ்டெல்லா கேட்டுவிட்டு, “மூக்கால பேசுற மாதிரி இருக்குதே, நான் இப்படியா பேசுறேன்?” என்று கேட்டாள். எல்லோருக்கும் தன் குரல் அப்படித்தான் இருக்கும் என்று சமாதானம் சொன்னோம்.

சனிக்கிழமை மற்ற கம்ப்யூட்டர்களிலும் அதைப் போட்டு வைக்கலாமென்று கோயில் அறைக்குப் போனேன். ஸ்டெல்லா பரீட்சை எழுத விழுப்புரம் போயிருந்தாள். அறைக்குள் அவள் குரல் கேட்டது.

உள்ளே அவள் அப்பா அருளப்பன். உப்பளத்தில் உப்பு வாருகிறவர். காலில் உப்புக்கறை காயாமல், கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். கண் நன்றாகத் தெரியும். படிக்கத் தெரியாது. திரையில் அன்றைய செய்தித்தாள். இந்த பட்டனை அமுக்கினால் பேப்பர் படிக்கும் என்று மகள் காட்டிவிட்டுப் போயிருக்கிறாள். வாழ்க்கையில் முதல்முறையாக அவர் ஒரு செய்தித்தாளை முதல் பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

மழை பற்றிய செய்தி ஓடிக்கொண்டிருந்தது. அவர் திரையை நோக்கிக் குனிந்தார்.

“மெதுவா படி பாப்பா” என்றார்.

“அண்ணே, அது வெறும் குரல்தான். நீங்க சொன்னா அது கேக்காது” என்றேன்.

அருளப்பன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“அவளும் கேக்க மாட்டாம்மா.”